ஒரு ஹெரால்டின் பிறந்த வருஷம்

ஆர்.சி. புத்தகத்தில் மூன்று தகவல்கள் இருந்தன. வண்டி: ஸ்டாண்டர்டு ஹெரால்டு. தயாரிப்பு ஆண்டு: 1971. நிறம்: சாம்பல். இதில் முதலாவது மட்டும்தான் சரி என்று கண்டுபிடிக்க எனக்கும் அப்பாவுக்கும் பதினான்கு மாதங்கள் ஆயின.

குரோம்பேட்டையில் ஒரு வீட்டுக் கொட்டகையில், காய்ந்த தென்னை மட்டைகளுக்கு அடியில் கிடந்தது வண்டி. நான்கு டயரும் தரையோடு ஒட்டிப்போயிருந்தன. டிக்கியில் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. அப்பா பேருந்துப் பணிமனையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் வரலாறு படித்து, காப்பகத் தூசியில் பிழைப்பவள். சும்மா உட்கார முடியாத மனிதருக்கு ஒரு வேலையாகட்டும் என்று நான் நினைத்தேன். எப்போது பார்த்தாலும் காகிதத்தைக் கட்டிக்கொண்டு கிடக்கிற பெண்ணைக் கொஞ்சம் வெயிலுக்கு இழுக்கலாம் என்று அவர் நினைத்திருக்கிறார். இருவரும் காசு போட்டு வாங்கினோம்.

முதல் வாரமே சண்டை வந்தது.

"இது எழுபத்தொண்ணு வண்டி இல்லம்மா" என்றார் அப்பா.

"புத்தகத்துல இருக்கேப்பா."

"புத்தகத்தை எழுதினவன் வண்டியைப் பார்த்தானா?"

அவர் காட்டிய முதல் சாட்சி கதவு. எங்கள் வண்டிக்கு இரண்டே கதவு. 1959 ஏப்ரலில் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்று அறிமுகமான கார், 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக உருவானது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிச்செலோட்டி. எஞ்சின் 948 சி.சி. இந்தியக் குடும்பங்களுக்கு இரண்டு கதவு போதாது என்று, இங்கிலாந்திலேயே இல்லாத நான்கு கதவு ஹெரால்டைச் சென்னை நிறுவனம் அறுபதுகளின் பிற்பகுதியில் கொண்டுவந்தது. 1971இல் அடுத்த மாடலான கெஸல் வந்துவிட்டது. அந்த வருஷத்தில் இரண்டு கதவு வண்டி பிறந்தது என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இரண்டாவது சாட்சியை நான் கொண்டுவந்தேன். பதிவெண் எம்.எஸ். என்று தொடங்கியது. அது மெட்ராஸ் காலத்து எழுத்து. 1969 ஜனவரி 14 அன்று மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆயிற்று. ஆனால் பெயர் மாறிய அன்றே எழுத்தும் மாறியிருக்க வேண்டும் என்பதில்லை. கையிலிருந்த வரிசை தீரும்வரை ஓடியிருக்கலாம். ஆகவே இது சந்தேகத்துக்குத் துணை, அவ்வளவுதான். தீர்ப்புக்குப் போதாது.

நான் எனக்குத் தெரிந்த வழியில் போனேன். கன்னிமாரா நூலகத்தில் அறுபதுகளின் நாளிதழ்த் தொகுதிகளைப் புரட்டினேன். ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய வார இதழ்களின் விளம்பரப் பக்கங்களைத் தேடினேன். வண்டியை விற்றவர்களின் பெருமிதமெல்லாம் அங்கே இருந்தது. என் வண்டி அங்கே இல்லை. நிறமும் இல்லை, எல்லாமே கறுப்பு வெள்ளை. மூடிப்போன தொழிற்சாலை நமக்காகப் பேரேடு வைத்துக்கொண்டு காத்திருக்காது. வண்டலூர்ப் பக்கம் இருந்த அந்த ஆலை, ரோவர் காரை ஒட்டிச் செய்த ஸ்டாண்டர்டு 2000 சரியாக விற்காமல், எண்பதுகளின் கடைசியில் ஓய்ந்தது. பிறந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளித்தான் வண்டி கிடந்தது. பிறப்புச் சான்றுதான் இல்லை.

அப்பா இதற்குள் வண்டியைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வைப்பர் மோட்டாரைத் துடைத்தவர் என்னைக் கூப்பிட்டார். லூகாஸ் நிறுவனம் தன் மின்சாதனங்களில் மாதத்தையும் ஆண்டையும் பொறிக்கும் பழக்கம் உடையது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்ததும் எழுத்து தெரிந்தது. இங்கிலாந்தில் செய்தது, 4, 62.

நான் துள்ளினேன். அப்பா துள்ளவில்லை. "டைனமோவைப் பாரு" என்றார். டைனமோவில் லூகாஸ்-டிவிஎஸ் என்று இருந்தது. அந்த நிறுவனமே 1961இல்தான் தொடங்கியது. சென்னைப் பாடியில் அதன் ஆலை. ஒரே வண்டியில் ஒன்று கப்பலில் வந்த பொருள், ஒன்று பாடியில் செய்த பொருள். எதை நம்புவது? டைனமோ தேயும், மாற்றுவார்கள். வைப்பர் மோட்டாரை மாற்றுகிறவர் அபூர்வம். மழை நின்றதும் மறந்துபோகும். தவிர, ஆரம்பத்தில் பெரும்பாலும் இங்கிலாந்துப் பாகங்களைப் பூட்டித்தான் வண்டி செய்தார்கள். உள்நாட்டுப் பாகம் ஆண்டுக்காண்டு கூடியது. ஆக, வைப்பர் மோட்டார் பூட்டியபடியே இருக்கிறது என்றால், வண்டி 1962 ஏப்ரலுக்கு முன் பிறந்திருக்க முடியாது. தரை கிடைத்துவிட்டது. கூரை வேண்டும்.

நடுவில் நிறம் குழப்பியது. சாம்பலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வெள்ளை, அதற்கடியில் சிவப்பு ஆக்சைடு. பானெட்டில் மட்டும் வெள்ளைக்கு அடியில் நீலம். "நீலம்தான் ஒரிஜினல்" என்று அப்பா முடிவே கட்டிவிட்டார். டேஷ்போர்டைக் கழற்றி, ஒயர் கிளிப்புக்குப் பின்னால் யார் கையும் படாத தகட்டைப் பார்த்தோம். அங்கே நீலம் இல்லை. மங்கிய மஞ்சள் வெள்ளை.

ஒரே வண்டிக்கு எப்படி இரண்டு பிறவி நிறம்? விடை பர்மிங்ஹாமில், 1953இல் இருக்கிறது. ஹெரால்டைச் செய்த இங்கிலாந்து ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்குக் கார் உடல் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை, போட்டியாளரான பி.எம்.சி. அந்த ஆண்டு வாங்கிக்கொண்டது. முழு உடலை ஒரே கூடாகச் செய்து தர ஆளில்லாமல் போயிற்று. அதனால் ஹெரால்டுக்குத் தனியாக ஒரு சேஸிஸ் போட்டு, வெவ்வேறு இடங்களில் அழுத்திய தகடுகளை அதன்மேல் போல்ட்டால் பூட்டினார்கள். கூரையைக்கூடக் கழற்றலாம். முன் மட்கார்டுகளோடு சேர்ந்து பானெட் மொத்தமும் முன்பக்கமாகக் கவிழும்; டயர்மேல் உட்கார்ந்தபடியே எஞ்சினைப் பார்க்கலாம். பெட்டி பெட்டியாக அனுப்பித் தூரதேசத்தில் பூட்டுவதற்கும் இந்த முறை தோதாக இருந்தது. சென்னைக்கு ஹெரால்டு பொருந்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியென்றால் ஒரு வண்டியின் பானெட்டை இன்னொரு வண்டிக்கு ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம். புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்கத் தெரிந்த எந்த மெக்கானிக்கும் செய்கிற காரியம். அப்பாவின் நீலம் வேறு யாரோ வைத்திருந்த ஹெரால்டுக்குச் சொந்தம். காகிதம் மட்டுமல்ல, தகடும் பொய் சொல்லும் என்று அன்று அவருக்கும் புரிந்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

ஆர்.சி. புத்தகம் நகல்தான். முதல் உரிமையாளர் பெயரைக் கரையான் தின்றிருந்தது. தெருப் பெயரின் பாதி மட்டும் மிச்சம்: மயிலாப்பூரில் ஒரு சந்து. மூன்று சனிக்கிழமைகள் வீடு வீடாகப் போய், வண்டியின் படத்தைக் காட்டினேன். இரண்டு வீட்டில் நன்கொடை வசூல் என்று நினைத்தார்கள். மூன்றாம் சனிக்கிழமை, திண்ணை இடித்துக் கிரில் போட்ட ஒரு வீட்டில், எண்பது தாண்டிய அம்மா ஒருவர் படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இது எங்க மாமனார் வண்டி" என்றார்.

உள்ளே போய் ஆல்பத்தை எடுத்துவந்தார். அவருடைய கல்யாணப் படம். மாலையும் கழுத்துமாக மணமக்கள் ஏறி உட்கார்ந்திருக்கிற இரண்டு கதவு ஹெரால்டு. நம்பர் பிளேட்டில் பாதியைப் பூச்சரம் மறைத்திருந்தது. தெரிந்த எழுத்தும் மூன்று எண்களும் எங்கள் வண்டியோடு பொருந்தின. ஆல்பத்துக்குள் கல்யாணப் பத்திரிகையும் இருந்தது: 1963 பிப்ரவரி, தை மாதக் கடைசி முகூர்த்தம்.

கூரை கிடைத்துவிட்டது. 1962 ஏப்ரலில் இங்கிலாந்தில் மோட்டார் செய்து, கப்பலேறி, சென்னை வந்து, பூட்டி, பதிவாகி, 1963 பிப்ரவரியில் பூச்சரம் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறது வண்டி. பத்து மாத இடைவெளிக்குள் அதன் பிறப்பு.

"என்ன கலர்மா இருந்தது?" என்று கேட்டேன்.

"மோர்க்குழம்பு கலர். எங்க மாமனார் அப்படித்தான் சொல்லிச் சிரிப்பார்."

டேஷ்போர்டுக்குப் பின்னால் நாங்கள் பார்த்த நிறத்துக்கு அதைவிடச் சரியான பெயர் எந்த பெயிண்ட் கடை அட்டையிலும் கிடையாது. மீதிக் கதையையும் அவரே சொன்னார். கல்யாணமாகி நாலைந்து வருஷத்தில் பூந்தமல்லி சாலையில் ஒரு லாரியின் பின்னால் முட்டி முன்பக்கம் நசுங்கியது. அதன்பின் வேறு பானெட் போட்டு முழுக்க வெள்ளையடித்தார்கள். மாமனார் காலமான பிறகு, 1971இல் விற்றார்கள். கைமாறிய வருஷத்தைத்தான் நகல் எழுதியவர் தயாரிப்பு ஆண்டுக் கட்டத்தில் போட்டிருக்கிறார். பேனா ஒரு கட்டம் தள்ளி விழுந்ததில் ஒரு வண்டிக்கு ஒன்பது வயது குறைந்துவிட்டது.

வண்டி இப்போது ஓடுகிறது. பின்பக்கம் குறுக்குப் பட்டையோடு தனித்தனியாக ஆடும் ஸ்விங் ஆக்ஸில் என்பதால், வளைவில் வேகமாகத் திருப்பக் கூடாது என்று அப்பா இன்றும் எனக்குப் பாடம் எடுக்கிறார். இந்திய மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவில்லை. கெஸலில் அதை எடுத்துவிட்டுச் சாதாரண ஆக்ஸில் போட்டார்கள். நாங்கள் மாற்றவில்லை. வெளியே முழுவதும் மோர்க்குழம்பு நிறம் அடித்தோம். பானெட்டின் உட்புறத்தை மட்டும் நீலமாகவே விடச் சொன்னது அப்பா. "நாளைக்கு உன்னை மாதிரி எவளாவது வந்து தேடுவா. அவளுக்கு ஏதாவது வேணாமா?" என்றார்.

மயிலாப்பூர் அம்மா அந்தப் படத்தை எனக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளக் கொடுத்தார். அதற்கு முந்தின மாதம்தான், இடத்தை அடைக்கிறது என்று, மாமனாரின் ஒரு டிரங்குப் பெட்டிக் காகிதங்களைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டிருக்கிறார்கள். வண்டி வாங்கிய ரசீது அதில் இருந்ததாம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படியொரு பெட்டி இருக்கலாம். தராசில் ஏற்றுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். படம் இருந்தால், பின்பக்கம் பென்சிலால் யார், எங்கே, எந்த வருஷம் என்று எழுதிவையுங்கள்.