சர்ப்பகந்தி, பூனைக்காலி, டோபமின்

கேடு விளையும் என்று தெரிந்திருந்தும் சூதாட்டம், திருட்டு, தீவைப்பு போன்ற ஒரு செயலுக்கான உந்துதலை அடக்க இயலாத நிலையை மனநல மருத்துவம் உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறு என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட வகைப்பாட்டு நூலில் அது தனிப் பிரிவாக இடம்பெற்றது. அதன் வரலாற்றில், வேறொரு நோய்க்குத் தந்த மருந்தே அந்த உந்துதலை மூட்டிவிட்ட விந்தையான கிளை ஒன்று உண்டு. அது ஒரு மூலிகை வேரில் தொடங்குகிறது.

சர்ப்பகந்தி வேர் மனநோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் உதவும் என்று கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931இல் எழுதினர். அவ்வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின் என்ற பொருளைச் செலுத்தியதும் அசைவற்றுக் கிடந்த விலங்குகள், டோபாவை ஏற்றியதும் மீண்டும் இயங்கத் தொடங்கியதை ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் 1957இல் காட்டினார். உடல் அசைவுக்கும் மனத்தின் நாட்டத்துக்கும் வேண்டிய டோபமின் என்ற வேதிப்பொருளை ரெசர்பின் மூளையில் வற்றச் செய்கிறது, டோபா அதை மீண்டும் உண்டாக்குகிறது. சுணை பட்டாலே உடம்பெல்லாம் அரிக்கும் பூனைக்காலியின் விதையிலிருந்து டோபாவின் ஒரு வடிவமான லெவோடோபாவை, சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் 1937இலேயே பிரித்தெடுத்திருந்தனர் என்பது அதிகம் பேசப்படாத செய்தி.

டோபமின் குறைவால் வரும் பார்க்கின்சன் நோய்க்கு, அதாவது நடுக்குவாதத்துக்கு, 1960களின் இறுதியில் லெவோடோபா நிலைபெற்றது. பின்னர் வந்த பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் ஆகியவை டோபமினைப் போலவே நரம்பணுக்களைத் தூண்டுபவை. இவற்றை உட்கொண்டோரில் சிலர் திடீரெனச் சூதாடிகளாயினர். 2010இல் வெளியான, 3,090 நோயாளிகளைக் கொண்ட ஆய்வில், இவ்வகை மருந்து எடுத்தோரில் 17.1 விழுக்காட்டினரிடமும் எடுக்காதோரில் 6.9 விழுக்காட்டினரிடமும் இக்கோளாறு காணப்பட்டது.

திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973இல் கொடையளித்த பலமாடிக் கட்டடத்தில் தொடங்கி, 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தின் மருத்துவர்கள், இந்திய நோயாளிகளிடம் இதே கோளாற்றை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டனர். இக்கோளாற்றைக் கண்டறிய உதவும் மேலைநாட்டு வினாத்தாளில் வரும் சூதாட்ட விடுதி இந்நகரத்துக்குப் பொருந்தாது. ஒரு ரூபாய்ச் சீட்டுக்கு 50,000 ரூபாய் முதல் பரிசென்று 1968 ஜனவரி 26இல் முதல் குலுக்கல் கண்ட கேரள அரசு லாட்டரிதான் இங்கே கேட்கப்பட வேண்டியது. அதையும் நோயாளியிடம் மட்டுமன்றி, வீட்டுச் செலவைக் கவனிப்பவரிடமும் கேட்பதே பயன் தரும்.

சிகிச்சையின் முதற்படி புதிய மாத்திரையன்று. தூண்டும் மருந்தைப் படிப்படியாகக் குறைப்பதே. சட்டென நிறுத்தினால் பதற்றமும் சோர்வும் தாக்கக்கூடும் என்பதால் அதற்கும் பொறுமை வேண்டும். 17 பேரிடம் நடந்த சிறு ஆய்வொன்றில் அமான்டடின் என்ற மருந்து சூதாட்டத்தை அடக்கியது. 3,090 பேரைக் கொண்ட அந்தப் பெரிய ஆய்வோ அதே அமான்டடினையும் கோளாற்றோடு தொடர்புபடுத்தியது. மூளையினுள் மின்முனை பதிக்கும் அறுவை, ஸ்ரீ சித்திரையிலும் செய்யப்படுவது, மருந்தளவைக் குறைக்க வழிவிடுகிறது என்றாலும், அறுவைக்குப் பின்னர் புதிதாக உந்துதல் தலைதூக்கிய நோயாளிகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளனர்.