கம்பளியும் கம்பளமும்

கம்பளி, கம்பளம் என்னும் சொற்கள் இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. வடமொழியின் ‘கம்பல’ என்பதோடு உறவுடையவை. ஆயினும் தமிழ் வழக்கில் அவை நெடுங்காலமாக இருவேறு உலகங்களைச் சுட்டி வந்துள்ளன. இடையன் தோளில் கிடப்பது கம்பளி. பெரிய மனிதரின் காலடியில் விரிவது கம்பளம். ஒருவரை மதித்து வரவேற்பதை ‘இரத்தினக் கம்பளம் விரித்தல்’ என்கிறோம். கம்பளியை அவ்வாறு யாரும் விரித்ததில்லை.

தமிழருக்கு உரோம நெசவு புதிதன்று. புகார் நகரத்துக் காருகர் பட்டு, மயிர், பருத்தி ஆகிய மூன்றினாலும் நெய்தமையைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. ஆனால் நம் சமவெளியில் மேயும் ஆடுகள் பெரும்பாலும் கம்பளி தருவன அல்ல. திருவள்ளூர், செங்கற்பட்டுப் பகுதிகளில் காணப்படும் ‘மெட்ராஸ் ரெட்’ என்னும் செவ்வாட்டுக்குக் குட்டையான மயிரே உண்டு. கம்பளிக்குரியது குறும்பாடு. கோயம்புத்தூர்க் குறும்பையும் திருச்சிக் கருங்குறும்பையும் இன்றும் கால்நடை நூல்களில் தனி இனங்களாகக் குறிக்கப்படுகின்றன.

அந்த ஆட்டைப் பேணியவர்களே நெசவாளராகவும் இருந்தனர். தமிழகத்தில் குறும்பர் என்றும் கன்னடம், தெலுங்கு வழங்கும் பகுதிகளில் குருபர் என்றும் அழைக்கப்படும் மக்கள் அவர்கள். கத்தரித்த உரோமத்தைப் பெண்கள் நூற்க, ஆண்கள் குழித்தறியில் நெய்தனர். நூல் சொரசொரப்பானது, எளிதில் அறும். ஆகவே புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையைப் பாவில் தடவி உரமேற்றினர். சாயம் பெரும்பாலும் இல்லை. ஆட்டின் கருமையே துணியின் நிறம்.

அண்மையில் ஒரு சனி, ஞாயிறு திருத்தணிக்கு அருகே நண்பர் ஒருவரின் தோட்டத்தில் நாங்கள் சிலர் தங்கியிருந்தோம். மாமர நிழலும் கிணற்று நீரும் தவிர வேறு அலுவல் இல்லை. கயிற்றுக் கட்டிலில் பழைய கருங்கம்பளி ஒன்று விரித்திருந்தது. நண்பரின் தந்தையார், நிலத்தில் ஆட்டுக்கிடை போட வந்தவர்களிடம் நெல் அளந்து வாங்கியது என்றார். “மழைக்குக் குடை, குளிருக்குப் போர்வை, கல்யாணத்துக்குப் பாய், இதுக்கு மேல என்னப்பா வேணும்?” என்று கேட்டார். பூவும் கொடியும் இல்லாத அத்துணியை நெடுநேரம் தடவிப் பார்த்திருந்தோம். உரோமத்தில் இயல்பாக ஊறிய கொழுப்பும் நெருங்கிய இழையும் தூறலைத் தடுக்கும் என்பது கையில் எடுத்தபோதுதான் விளங்கிற்று.

கம்பளத்தின் வரலாறோ கடல் கடந்தது. ஆந்திரத்து ஏலூரில் பாவு நூலில் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு நெய்யும் கலையைப் பாரசீகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் தொடங்கினர் என்பது மரபுச் செய்தி. மசூலிப்பட்டினத் துறைமுகம் அதற்கு வாயிலாயிற்று. ஜப்பானின் கியோத்தோ நகரத்தில் கியோன் திருவிழாத் தேர்களை அலங்கரிக்கும் பழங்கம்பளங்களுள் சில தக்காணத்தில் நெய்யப்பட்டவை என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அவை டச்சு வணிகர் வழியாகச் சென்றிருக்க வேண்டும். 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சியிலும் ஏலூர்க் கம்பளங்கள் இடம்பெற்றன. ஆனால் 1880இல் வெளிவந்த தம் நூலில் ஜார்ஜ் பேர்டுவுட், மலிவை நாடிய ஆங்கில வணிகரால் மசூலிப்பட்டினக் கம்பளத்தின் தரம் கெட்டது என வருந்தினார். சிறைச்சாலைகளில் கைதிகளைக் கொண்டு நெய்வித்ததும் அவரது கண்டனத்துக்கு உள்ளாயிற்று.

கம்பளத்தின் வீழ்ச்சிக்கு வருந்த ஒரு பேர்டுவுட் இருந்தார். கம்பளிக்கு அவ்வாறு யார் இருந்தனர்? தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் குறும்பரின் நெசவு பதிவாயிற்று; எனினும் அது குலவரைவாக நின்றதேயன்றிக் கலை மதிப்பீடாகவில்லை.

திருத்தணியில் நின்று நினைக்கையில் மற்றொன்றும் தோன்றுகிறது. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இவ்வூர் சேர்ந்தது, ம.பொ.சி. முதலியோரின் எல்லைப் போராட்டத்துக்குப் பின், படாஸ்கர் பரிந்துரையின் வழியே 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மொழிக்கு எல்லை வேண்டும். அதற்காகச் சிறை சென்றோரை நாம் மறக்கலாகாது. ஆனால் கிடை போடுவோரின் தடம் அக்கோட்டை அறியாது. அவர்களின் தொழிற்சொற்கள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்தவை. ஆதலால் எம்மொழி அகராதியிலும் அவை முழுமையாக இடம்பெறவில்லை.

இன்று பானிப்பட்டு ஆலைகளில் பழந்துணியைக் கிழித்து நூற்ற போர்வைகள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. ஆட்டு மயிர் கத்தரிக்கும் கூலிக்கு உரோமத்தின் விலை ஈடாகாத நிலையில், தக்காணத்தில் பல இடங்களில் அது குப்பையாக எறியப்படுகிறது. தறி நின்றால் மீண்டும் பூட்டலாம். தறியின் ஒவ்வோர் உறுப்புக்கும் பசையின் ஒவ்வொரு பதத்துக்கும் பெயர் சொல்லத் தெரிந்த கடைசி முதியவர் மறைந்தால், அச்சொற்களை எங்கே தேடுவோம்? தமிழ் பயிலும் மாணவர்கள் ஒரு விடுமுறையை இதற்கென ஒதுக்கி, அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பார்களாயின், சிறந்த ஆய்வேடுகள் சிலவற்றினும் அப்பணி நிலைத்து நிற்கும் என்பது நம் எண்ணம்.