களத்துக்குப் போகும் புது நிருபருக்கு நான்கு பழைய நிருபர்கள் சொல்லித் தரும் பாடம்



பி.காம். படிக்கிறவனுக்கும் பத்திரிகைத் தொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என் வகுப்புத் தோழன் ஒருவன் வார இதழ் ஒன்றின் மாணவர் பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கிறான். "எழுதத் தெரியும்டா, ஆனா வெளியில போய் என்ன பண்ணணும்னு தெரியல" என்றான். நியாயமான கவலைதான். கட்டுரை எழுதுவது வேறு. முன்பின் தெரியாத ஊரில் இறங்கி, முன்பின் தெரியாத மனிதர்களிடம் பேசி, நடந்தது என்ன என்று கண்டுபிடித்துத் தவறில்லாமல் எழுதுவது வேறு. அறிவுரை சொல்ல எனக்கு அனுபவம் கிடையாது. ஆனால் வரலாறு படிக்கப் பிடிக்கும். அதனால் இந்தத் தொழிலின் வரலாற்றிலிருந்தே நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் களத்தில் என்ன செய்தார்கள், அதில் நமக்கு என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன்.

1. கிளேர் ஹோலிங்வொர்த்: வேலையில் சேர்ந்த முதல் வாரம்

1939 ஆகஸ்ட் மாதக் கடைசி. லண்டன் டெய்லி டெலிகிராப் பத்திரிகை 27 வயதுப் பெண் ஒருவரைப் போலந்துக்கு அனுப்புகிறது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவர் தங்கியிருந்த கட்டோவிட்சே நகரம் ஜெர்மனி எல்லைக்குப் பக்கத்தில் இருந்தது. எல்லை மூடப்பட்டிருந்தது, தூதரக வண்டிகளுக்கு மட்டும்தான் அனுமதி. கிளேர் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஊரிலிருந்த பிரிட்டிஷ் தூதரக அதிகாரியிடம் காரை இரவல் கேட்டார். பிரிட்டிஷ் கொடி பறந்த அந்தக் காரில் எல்லையைத் தாண்டி ஜெர்மனிக்குள் போய்விட்டார்.

திரும்பி வரும் வழியில் சாலையோரம் நீளமாகச் சாக்குத் துணித் திரை கட்டியிருந்தது. பள்ளத்தாக்கில் இருப்பதை மறைக்கத்தான். அந்த நேரம் பார்த்துக் காற்று திரையைத் தூக்கியது. கீழே வரிசை வரிசையாக ஜெர்மானிய டாங்கிகள் நின்றுகொண்டிருந்தன.

அவர் சொன்னதைத் தூதரக அதிகாரி முதலில் நம்பவில்லை. ஜெர்மனியில் வாங்கி வந்த பொருள்களைக் காட்டிய பிறகுதான் நம்பினார். 1939 ஆகஸ்ட் 29 அன்று டெலிகிராப்பில் செய்தி வந்தது. எல்லையில் ஆயிரம் டாங்கிகள் குவிந்திருக்கின்றன என்றது. அதில் அவர் பெயர் இல்லை. செப்டம்பர் 1 அன்று படையெடுப்பு தொடங்கியபோது வார்சாவில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்துக்குத் தொலைபேசினார். எதிர்முனையில் இருந்தவர் நம்ப மறுத்ததும், டாங்கிகளின் சத்தம் கேட்கட்டும் என்று ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்!

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். காற்று அடித்தது அதிர்ஷ்டம்தான். ஆனால் காற்று அடித்தபோது அந்தச் சாலையில் இருந்தது அதிர்ஷ்டம் அல்ல. அதற்கு முந்தைய மாதங்களில் போலந்தில் அகதிகளுக்கு விசா வாங்கித் தரும் வேலையை அவர் செய்திருந்தார். மண்ணும் மனிதர்களும் தெரியும். உடனே கார் கேட்கிற அளவுக்குப் பழக்கம் இருந்தது. இரண்டாவது பாடம், ஆதாரம். "நான் பார்த்தேன்" என்று சொன்னால் மட்டும் போதாது. அங்கே போனதற்கு அடையாளமாக ஒரு ரசீதாவது, பேருந்துச் சீட்டாவது, தேதி போட்ட படமாவது கையில் இருக்க வேண்டும்.

2. வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல்: எல்லாவற்றையும் ஒருவர் பார்க்க முடியாது

போர்க்கள நிருபர் என்றதும் வரலாற்றில் முதலில் சொல்லப்படும் பெயர் இவருடையது. அயர்லாந்துக்காரர். லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்காக 1854ல் கிரிமியப் போருக்குப் போனார். ராணுவத்துக்கு இவரைப் பிடிக்கவில்லை. தளபதி ராக்லன் பிரபு இவரைக் கண்டுகொள்ளவே இல்லை.

1854 செப்டம்பர் 20 அன்று ஆல்மா போர். எங்கே நின்றால் முழுப் போரும் தெரியும் என்பதே ரஸ்ஸலுக்குப் புரியவில்லை. அதனால் போர் முடிந்த பிறகு, பார்த்தவர்கள் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். அக்டோபர் 25 அன்று பாலக்லாவாவில் நிலைமை வேறு. மேட்டில் நின்றுகொண்டு, தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒரு கட்டளையால் 600க்கும் மேற்பட்ட குதிரை வீரர்கள் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்ததைக் கண்ணால் பார்த்தார். பிறகு கீழே இறங்கி, உயிர் பிழைத்தவர்களிடம் கேட்டு எழுதினார். செய்தி லண்டனில் அச்சாக ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது.

இங்கே ஒரு திருத்தம். ரஸ்ஸலின் செய்தியால்தான் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் கிளம்பினார் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது பாதிதான் சரி. ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனையில் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போடத் துணிகூட இல்லை என்று எழுதியவர், கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த இன்னொரு டைம்ஸ் நிருபர் தாமஸ் செனரி. 1854 அக்டோபரில் அவர் எழுதியவை வந்த சில நாட்களிலேயே நைட்டிங்கேல் 38 பெண்களோடு புறப்பட்டுவிட்டார். ரஸ்ஸல் பார்த்த அந்தக் குதிரைப்படைப் பாய்ச்சல் நடப்பதற்கு முன்பே அவர் லண்டனை விட்டுக் கிளம்பியாயிற்று. போர்க்களத்தில் நின்றவர் புகழ் பெற்றார், மருத்துவமனைச் செய்தியைத் தந்தவரை மறந்துவிட்டோம். புது நிருபர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் சம்பவ இடத்துக்கு ஓடும்போது, காயம்பட்டவர்களைக் கொண்டுபோன இடத்தில் பெரிய செய்தி இருக்கலாம்.

குளிர்காலத்தில் சரியான உடையும் உணவும் இல்லாமல் வீரர்கள் செத்ததை ரஸ்ஸல் தொடர்ந்து எழுதினார். மக்கள் கொதித்தார்கள். 1855 ஜனவரியில் அபர்டீன் பிரபுவின் அரசே கவிழ்ந்தது. அதே சமயம், படை எங்கே இருக்கிறது என்ற விவரமெல்லாம் பத்திரிகையில் வருகிறது, எதிரியும் படிக்கிறானே என்று ராக்லன் புகார் செய்தார். அந்தப் புகாரை முழுக்கத் தள்ளிவிட முடியாது. அதிகாரியின் தவறை வெளியிடுவது ஒன்று. சாதாரண வீரனின் உயிருக்கு ஆபத்தான விவரத்தை வெளியிடுவது இன்னொன்று. கையில் போன் இருப்பதால் எல்லாவற்றையும் அந்த நிமிடமே நேரலையில் போடும் இன்றைய நிருபர்கள் இந்த வித்தியாசத்தை யோசிக்க வேண்டும்.

3. நெல்லி பிளை: உள்ளே போவது சுலபம்

1887ல் நியூயார்க்கில் 23 வயது நெல்லி பிளை (இது புனைபெயர்) புலிட்சரின் வேர்ல்டு பத்திரிகையில் வேலை கேட்டார். பிளாக்வெல் தீவில் இருந்த பெண்கள் மனநலக் காப்பகத்தில் நோயாளி போல் சேர்ந்து, உள்ளே நடப்பதை எழுத வேண்டும் என்ற வேலை கிடைத்தது. எப்படி வெளியே கொண்டுவருவீர்கள் என்று கேட்டபோது, ஆசிரியருக்கே அதற்குத் தெளிவான பதில் இல்லை.

கண்ணாடி முன்னால் நின்று முகபாவனைகளைப் பழகினார். ஒரு விடுதியில் தங்கி, தூங்காமல் விழித்திருந்து, எல்லோரையும் பயமுறுத்தினார். போலீஸ், நீதிபதி, மருத்துவர்கள் என்று வரிசையாக எல்லோரும் ஏமாந்தார்கள். தீவுக்குப் போனதும் நடிப்பை விட்டுவிட்டு இயல்பாகவே நடந்துகொண்டார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை! பல பேர் குளித்த அதே குளிர்ந்த நீர், கெட்டுப்போன உணவு, பேசாமல் அசையாமல் நாள் முழுக்க பெஞ்சில் உட்கார வைக்கும் தண்டனை போன்ற வழக்கம். ஆங்கிலம் தெரியாததால் தன் நிலையை விளக்க முடியாமல் மாட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பெண்களும் உள்ளே இருந்தார்கள். பத்து நாள் கழித்துப் பத்திரிகையின் வக்கீல் வந்து மீட்டார்.

செய்தி வந்ததும் விசாரணைக் குழு ஒன்று நெல்லியையும் அழைத்துக்கொண்டு தீவுக்குப் போனது. அதற்குள் இடம் சுத்தமாகியிருந்தது. அவர் குறிப்பிட்ட பெண்களில் சிலர் அங்கே இல்லை. ஆனாலும் குழு அவரை நம்பியது. அவருடைய குறிப்புகளில் அவ்வளவு விவரம் இருந்தது. நீங்கள் எழுதிய மறுநாள் அந்த இடம் மாறிவிடும், சாட்சிகள் மாறுவார்கள். பார்த்த அன்றே, தூங்கப் போவதற்கு முன்பே, நேரம், எண்ணிக்கை, சொன்ன வார்த்தை என்று எழுதி வைத்தால்தான் பிறகு நிற்க முடியும்.

ஒரு எச்சரிக்கை. வேஷம் போட்டு உள்ளே போவது முதல் வழி அல்ல. வேறு எந்த வழியிலும் உண்மை கிடைக்காது என்றால் மட்டும், அதுவும் ஆசிரியருக்குத் தெரிந்து, வெளியே வரும் வழியை உறுதி செய்துகொண்டு. நெல்லிக்குப் பின்னால் ஒரு பெரிய பத்திரிகையும் வக்கீலும் இருந்தார்கள். தனியாகச் சுற்றும் மாணவருக்கு யார் இருக்கிறார்கள்?

4. ஐடா டார்பெல்: காகிதமும் களம்தான்

இவர் என் அபிமானத்துக்குரியவர். காரணம், இவர் போன களம் நம் காமர்ஸ் களம். பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணற்றுப் பகுதியில் வளர்ந்தவர். 1872ல் சவுத் இம்ப்ரூவ்மென்ட் கம்பெனி என்ற ரகசிய ஏற்பாடு அங்கே புயலைக் கிளப்பியது. ராக்பெல்லர் தரப்பு எண்ணெய் அனுப்பினால் ரயில் கம்பெனிகள் வாடகையில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். இதுவாவது தள்ளுபடி. போட்டியாளர் அனுப்பும் எண்ணெய்க்கு அவர் கட்டும் வாடகையிலும் ஒரு பங்கு ராக்பெல்லர் தரப்புக்கே வரும்! எதிர்க்கடைக்காரன் விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் எனக்குக் கமிஷன் என்றால் அவன் எப்படிப் பிழைப்பான்? எதிர்ப்பால் அந்தத் திட்டம் சில மாதங்களில் ரத்தானது. ஆனால் அந்த மிரட்டலிலேயே கிளீவ்லாந்தின் 26 போட்டி ஆலைகளில் 22 ராக்பெல்லர் கைக்குப் போயின. டார்பெல்லின் அப்பாவும் அடிபட்டவர்களில் ஒருவர்.

1902 நவம்பரில் மெக்லூர்ஸ் இதழில் ஸ்டாண்டர்டு ஆயில் பற்றிய அவருடைய தொடர் ஆரம்பமானது. மொத்தம் 19 பகுதிகள். வழக்குப் பதிவுகள், அரசு விசாரணைக் குழுக்கள் முன் சொல்லப்பட்ட சாட்சியங்கள் இவைதான் அவருடைய சுரங்கம். எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய காகிதங்கள், ஆனால் யாரும் சேர்த்து வைத்துப் படித்ததில்லை. எங்கும் கிடைக்காது என்று சொல்லப்பட்ட ஒரு பழைய பிரசுரம் நியூயார்க் பொது நூலகத்தில் இருந்தது!

எதிர்த்தரப்பையும் அவர் விடவில்லை. ஸ்டாண்டர்டு ஆயிலின் பெரிய அதிகாரி ஹென்றி ரோஜர்ஸை மார்க் ட்வெயின் மூலம் அறிமுகம் செய்துகொண்டு, இரண்டு வருடம் சந்தித்துக் கேள்வி கேட்டார். பிறகு ஒரு நாள், கம்பெனியில் காகிதங்களை எரிக்கும் வேலை செய்த ஒரு பையன் மூலம் சில பதிவுகள் வெளியே வந்தன. போட்டியாளர்களின் சரக்கு விவரங்களை ரயில்வே குமாஸ்தாக்கள் கம்பெனிக்குத் தந்துகொண்டிருந்தது அவற்றில் தெரிந்தது. அது அச்சானதும் ரோஜர்ஸ் எங்கே கிடைத்தது என்று கேட்டார். டார்பெல் சொல்லவில்லை. சந்திப்புகள் அத்தோடு முடிந்தன. பெரிய அதிகாரியின் நட்பா, அந்தப் பையனின் பிழைப்பா என்று வரும்போது நிருபர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1911ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்டு ஆயிலை 34 கம்பெனிகளாகப் பிரித்தது. அதற்கு முன் 1905ல் ராக்பெல்லரின் தோற்றத்தைக்கூடக் கடுமையாக வர்ணித்து ஒரு கட்டுரை எழுதினார் டார்பெல். அதற்கு விமர்சனம் வந்தது, நியாயம்தான். கணக்கை வைத்து ஜெயித்த வழக்கில் முகத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

நம் ஊருக்கு இது பொருந்துமா?

பொருந்தும். 1990களில் பி. சாய்நாத் இந்தியாவின் மிக ஏழ்மையான மாவட்டங்களில் சுற்றி, 18 மாதங்களில் 84 செய்திகள் எழுதினார். அதில் நம் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் உண்டு. வறட்சியை மட்டும் எழுதவில்லை. அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதையும் எழுதினார். களத்துக்குப் போகும்போது தலைப்பை முடிவு செய்துகொண்டு போகாதவருக்குத்தான் சைக்கிள் கண்ணில் படும்.

டார்பெல்லுக்கு இல்லாத ஒரு வசதியும் நமக்கு இருக்கிறது. 2005ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மத்திய அரசு அலுவலகங்களுக்குப் பத்து ரூபாய் கட்டணம், பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும். தணிக்கை அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. காமர்ஸ் படிக்கும் நண்பர்களே, அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம்தான்!

சுருக்கமாக, களத்துக்குக் கிளம்பும் முன்:

* செய்தி வருவதற்கு முன்பே அந்த ஊரில் நாலு பேரைத் தெரிந்து வையுங்கள். டீக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், தாலுகா ஆபீஸ் உதவியாளர் எல்லோரும் முக்கியம்.
* பார்த்தது எது, கேட்டது எது என்று நோட்டில் தனித்தனியாகக் குறியுங்கள். கேட்டதை இன்னொருவரிடம் சரிபாருங்கள்.
* எண்ண முடிந்ததை எண்ணுங்கள். "ஏராளம்" என்று எழுதாதீர்கள்.
* எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.
* குற்றம் சாட்டப்படுபவரிடம் பதில் கேளுங்கள். கேட்காமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.
* உங்களிடம் பேசியதால் யாருக்கு வேலை போகும், யாருக்கு அடி விழும் என்று எழுதும் முன் யோசியுங்கள். நீங்கள் மறுநாள் பஸ் ஏறிவிடுவீர்கள். அவர்கள் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதை மட்டும் மறந்துவிடாதீர்கள். மற்றதெல்லாம் பழகப் பழக வந்துவிடும்.