ஆவூரும் வேதியர்களும்

குடுமியான்மலை என்றால் எல்லோரும் இசைக் கல்வெட்டைத்தான் கேட்பார்கள். அதைப் பற்றி முன்பே எழுதியாகிவிட்டது. இன்று எழுதப்போவது இதே மாவட்டத்தில், விராலிமலைப் பக்கம் இருக்கும் ஆவூரைப் பற்றி.

கஷ்டம் வந்தால் பக்தி கூடுமா, குறையுமா என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்குத் தத்துவம் வராது. குமாஸ்தாவாக இருந்தவனுக்குத் தேதியும் தாக்கலும்தான் வரும். அதனால் ஆவூரின் தேதிகளை வைத்தே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

காரைக்காலில் நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பிரான்சு மன்னர்கள் பட்டியலை மனப்பாடம் செய்த எங்களுக்குப் பக்கத்துச் சீமையின் கதையை யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிரெஞ்சுதான் ஓய்வு பெற்ற பிறகு கைகொடுத்தது. சேசு சபைக் குருமார்கள் தூர தேசங்களிலிருந்து எழுதிய கடிதங்கள் பாரிஸில் 1702 முதல் தொகுதி தொகுதியாக அச்சாயின. அவற்றில் 'அஊர்' என்று ஓர் ஊர் வரும். நம் ஆவூர்தான் அது.

அங்கே கோயிலை எழுப்பியவர் வெனான்ஸ் பூஷே என்ற பிரெஞ்சுக் குரு. முதலில் சயாம் தேசத்துக்கு அனுப்பப்பட்டவர். அங்கே 1688இல் ஆட்சி கவிழ்ந்து பிரெஞ்சுக்காரர்களைத் துரத்தவும் இந்தப் பக்கம் வந்து மதுரை மிஷனில் சேர்ந்தார். அப்போது நிலைமை எப்படி என்றால், அருளானந்தர் என்று நாம் சொல்லும் ஜான் தெ பிரிட்டோ 1693 பிப்ரவரியில் ஓரியூரில் வெட்டுண்டு இறந்தார். உத்தரவு கிழவன் சேதுபதியுடையது. அந்தச் சேதுபதியின் மைத்துனர்தான் நம் புதுக்கோட்டைத் தொண்டைமான் வம்சத்தை நிலைநாட்டிய ரகுநாதர். ஆக, ஆவூர்க்காரர்களுக்கு ஓரியூர் ஏதோ தூரத்துச் சேதி அல்ல.

பூஷே சாமர்த்தியசாலி. ராணி மங்கம்மாள் காலத்தில் மிஷனுக்குச் சிக்கல் வந்தபோது திருச்சிக்குப் போய்த் தளவாய் நரசப்பையாவைப் பார்த்தார். கையில் கொண்டுபோன காணிக்கையில் இரண்டடி விட்டமுள்ள ஒரு பூகோள உருண்டையும் உண்டு. அதில் தேசங்களின் பெயர்களைத் தமிழில் எழுதியிருந்தாராம்! முன்னூறு வருஷத்துக்கு முந்தித் தமிழில் ஒரு குளோப். அது இப்போது கிடைத்தால் எத்தனை நன்றாக இருக்கும்.

இப்போது நிற்கும் ஆலயம் 1747இல் கட்டியது. அந்தத் தேதியைக் கொஞ்சம் யோசியுங்கள். 1736இல் சந்தா சாகிப் திருச்சியைப் பிடிக்கிறார். 1741இல் மராத்தியர் அதைப் பறிக்கிறார்கள். 1743இல் நிஜாம் வருகிறார். 1747க்குப் பிறகும் சும்மா இல்லை, 1750களில் திருச்சியைச் சுற்றி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டே இருந்தார்கள். எந்தப் படை வந்தாலும் அதற்குத் தீனி நாட்டுப்புறத்து நெல்லும் மாடும்தான். இத்தனைக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கோயில் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் பெரிய சோதனை படையெடுப்பு அல்ல, என் அபிப்பிராயத்தில். அது ஐரோப்பாவிலிருந்து காகிதத்தில் வந்தது. 1759இல் போர்ச்சுகல் அரசு சேசு சபையைத் தன் ஆட்சிப்பகுதிகளிலிருந்து விரட்டியது. மதுரை மிஷன் போர்ச்சுகல் மன்னரின் ஆதரவில் நடந்தது. பணமும் புது ஆட்களும் வருவது நின்றது. 1773இல் போப்பாண்டவரே சபையைக் கலைத்துவிட்டார். இங்கே இருந்த வயதான குருமார்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடினார்கள். புதுச்சேரியிலிருந்து சிலரும் கோவாவிலிருந்து சிலரும் வந்து பார்த்தார்கள். ஆனாலும் குருவின் முகத்தைப் பார்க்காமலே வருஷக்கணக்கில் இருந்த கிராமங்கள் ஏராளம். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. சாகிறவருக்கு அவஸ்தை பூசுதல் இல்லை. கத்தோலிக்கருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

அப்போது பிடித்து நிறுத்தியவர்கள் வேதியர்கள், அதாவது உபதேசியார்கள். குழந்தை சாகக் கிடந்தால் ஞானஸ்நானம் கொடுப்பது, ஞாயிறன்று ஜனங்களைக் கூட்டிச் செபமாலை சொல்வது, பிணத்தை அடக்கம் செய்யும்போது செபிப்பது எல்லாம் அவர்கள் வேலை. ஆவூரிலும் சில காலம் பணி செய்த வீரமாமுனிவர் இவர்களுக்காகவே 'வேதியர் ஒழுக்கம்' என்று ஒரு நூல் எழுதினார். அவர் 1747இல் காலமானார். தாம் போன பின் குருவே இல்லாமல் இந்த வேதியர்கள் கோயிலைக் காக்க வேண்டிவரும் என்று அவர் நினைத்திருப்பாரா!

மைசூர்ப் பக்கம் முப்பது வருஷம் உழைத்த அபே துபுவா, ஊர் திரும்பி 1823இல் ஒரு புத்தகம் போட்டார். இந்தியாவில் கிறிஸ்தவம் தழைக்காது என்று அதில் கைவிரித்துவிட்டார். படித்த மனிதர், நேரில் பார்த்தவர். ஆனால் அவர் கணக்கு தப்பியது. பதினைந்து வருஷம்கூட ஆகவில்லை, புதிதாக அமைந்த சேசு சபையிலிருந்து பெர்த்ராந், கார்னியே, மார்த்தேன், து ரான்கே என்ற நான்கு பிரெஞ்சுக் குருமார்கள் வந்து மதுரை மிஷனைத் திரும்பத் தொடங்கினார்கள். பெர்த்ராந் பிறகு எழுதிய நான்கு தொகுதிகளைப் படித்தால் தெரியும், அவர்கள் வெறும் தரையில் ஆரம்பிக்கவில்லை. செபம் தெரிந்த ஜனங்கள் காத்திருந்தார்கள்.

எல்லாம் சுபம் என்று சொல்லமாட்டேன். விட்டுப்போனவர்களும் உண்டு. சாதிச் சண்டை கோயிலுக்குள்ளேயே இருந்தது. கோவாக் குருமார்களுக்கும் ரோமிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கும் யார் அதிகாரி என்று மூண்ட வழக்கில் ஊர்களே இரண்டாகப் பிளந்தன. 1886 ஒப்பந்தம் வரை அது ஓயவில்லை. படையையும் பஞ்சத்தையும் தாங்கிய ஜனங்களுக்கு இந்த உள்வீட்டுச் சண்டைதான் அதிகம் வலித்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. வந்த நால்வரில் மார்த்தேன் 1840இலும் கார்னியே 1843இலும் இறந்துபோனார்கள்.

ஒரே ஒரு குறை எனக்கு. நான் படித்த கடிதங்களில் குருமார்கள் பிறந்த தேதி, கப்பலேறிய தேதி, இறந்த தேதி எல்லாம் இருக்கிறது. நடுவில் கோயில் சாவியை வைத்திருந்த வேதியர்களுக்கு அப்படி ஒரு பதிவும் கண்ணில் படவில்லை. பாஸ்காவுக்கு ஆவூரில் நாடகமும் தேரும் நடக்கும், எல்லா மதத்தாரும் வருவார்கள். போகிறவர்கள் அங்கே பழைய குடும்பத்துப் பெரியவர்கள் யாராவது இருந்தால், பாட்டன் வழியில் வேதியர் உண்டா என்று விசாரித்து எனக்குச் சொல்லுங்கள். குறித்து வைத்துக்கொள்கிறேன்.