கீர்த்தனையும் அச்சும்: தஞ்சையிலிருந்து தேயிலை மலைக்கு

ஸ்வரலிபி பயிலாத ஜனசமூகத்தின் கையில் பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்துப் பாடச் செய்வது எவ்வாறு என்னும் வினா, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகின் இரு திசைகளில் எழுந்து இரு வேறு விடைகளைப் பெற்றது. அமெரிக்காவில் 1801இல் வெளியான ‘ஈசி இன்ஸ்ட்ரக்டர்’ என்னும் நூல் ஸ்வரக்குறிகளுக்கு முக்கோணம், வட்டம், சதுரம், சாய்சதுரம் என நான்கு வடிவங்களை அளித்தது. 1846இல் ஜெஸ்ஸி எய்கின் ஏழு ஸ்வரங்களுக்கும் ஏழு வடிவங்களை வகுத்தார். பின்னர் டென்னஸி மாநிலத்து லாரன்ஸ்பர்க் நகரில் ஜேம்ஸ் வான் நிறுவிய பதிப்பகம், அத்தகைய நூல்களைத் தென்மாநிலக் கிராமச் சபைகளில் பரப்பிற்று. அங்கே ஒலியைக் காகிதமே தாங்கியது.

தமிழகத்தின் விடை வேறு. திருநெல்வேலியில் 1774இல் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கராய் வளர்ந்து, தஞ்சைச் சரபோஜி மன்னரின் ஆதரவைப் பெற்ற வேதநாயக சாஸ்திரியார், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கர்நாடக இசை மரபிலேயே கிறிஸ்தவ பக்தியைப் பாடினார். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனின் கிளையாக 1834இல் தோன்றிய மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர், சாஸ்திரியார் உயிரோடிருந்த காலத்திலேயே, 1853இல், கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சேற்றினார். மேனாட்டு மெட்டுகளுக்கு மொழிபெயர்த்த பாமாலைகளோடு, நம் இராகங்களில் பிறந்த கீர்த்தனைகளும் சபை வழிபாட்டில் நிலைபெற இத்தகைய தொகுப்புகளே வழிவகுத்தன. கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும் பெயரளவில் நிற்கும். மெட்டு பாடுவோர் செவியிலும் நினைவிலும் வாழும். பிற்காலத்தில் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், கீர்த்தனை இயற்றியதோடு அமையாமல், இராகங்களின் சாஸ்திரத்தையே ஆராய்ந்து 1917இல் ‘கருணாமிர்த சாகர’த்தை வெளியிட்டார்.

அச்சேறிய கீர்த்தனை கடல் கடப்பதற்கு நெடுநாள் செல்லவில்லை. இலங்கையின் கண்டிப் பகுதிக் காப்பித் தோட்டங்களில் 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்குத் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து உபதேசியார்கள் வந்தனர்; சாஸ்திரியார் பிறந்த சீமையின் பாட்டை அவர்கள் உடன்கொணர்ந்தனர் என்று கொள்வது பொருந்தும். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்து, தேயிலை மலையேறிய பின்னரும், ஹட்டனுக்கு ஏறும் வழியில் மழை ஓயாத கினிகத்தேனையைச் சூழ்ந்த தோட்டங்கள் வரை தமிழ்த் தொழிலாளர் வாழும் லயங்கள் என்னும் வரிசைக் குடியிருப்புகள் பெருகின. எழுத்தறியாதாரும் நிறைந்த அவ்விடங்களுக்கு, ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றையோர் வாங்கிப் பாடும் முறையே ஏற்றதாயிருந்தது. புத்தகம் ஒன்றே போதும், குரல்கள் பல பாடும்.

ஆயினும் இம்முறையின் வன்மையே அதன் மென்மையுமாகும். வடிவக்குறியில் அச்சான மெட்டைப் பாடுவோர் மறைந்தபின்னும் வாசித்தெடுக்கலாம். இராகப் பெயர் மட்டும் எஞ்சிய கீர்த்தனையோ, அதைப் பாடிய மூதாட்டியின் குரலோடு தன் மெட்டை இழக்கும். ஆகவே, தோட்டத்துச் சபைகளில் வழங்கும் மெட்டுகளை முதியோர் வாய்மொழியாகக் கேட்டு ஸ்வரப்படுத்திப் பதிவு செய்தல், மலையகத் தமிழ் ஆய்வுலகம் தாமதமின்றி ஏற்கவேண்டிய கடமையாகும். வெப் ஐயர் சொல்லைக் காத்தார், ஓசையைக் காப்பது நம் பொறுப்பு.