பாக்டீரியா, ஆர்க்கியா செல்களின் கட்டமைப்பு

பாக்டீரியாவும் ஆர்க்கியாவும் உட்கரு இல்லாத நுண்ணுயிரிகள். பெரும்பாலானவற்றின் நீளம் சில மைக்ரோமீட்டரைத் தாண்டாது. இரண்டிலும் செல்லைச் சூழ்ந்து சவ்வு இருக்கிறது, பெரும்பாலும் அதற்கு வெளியே சுவரோ உறையோ இருக்கிறது, உள்ளே டி.என்.ஏ.வும் புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களும் இருக்கின்றன. ஒளி நுண்ணோக்கியில் பார்ப்பவருக்குக் கோளமும் கோலும் சுருளும்தான் தெரியும். எது பாக்டீரியா, எது ஆர்க்கியா என்று தெரியாது. ரோஜர் ஸ்டானியரும் கார்னெலிஸ் வான் நீலும் 1962-இல் பாக்டீரியாவுக்கு வகுத்த வரையறையில் மூன்று அடையாளங்கள் முக்கியமானவை. உட்கருவைப் பிரித்துவைக்கும் சவ்வு இல்லை. மைட்டாசிஸ் முறையில் பிரிவதில்லை. சுவரில் ஒரு குறிப்பிட்ட வகைப் பொருள் இருக்கிறது. முதலிரண்டும் இல்லாமையைச் சொல்பவை. இருப்பதைச் சொன்னது மூன்றாவது மட்டுமே. ஆர்க்கியா அந்த மூன்றாவதில்தான் விலகி நிற்கிறது. 1977-இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் மற்ற பாக்டீரியாக்களிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதைக் காட்டினார்கள். அதை மரபுவழிப் பட்டியலில் நேர்ந்த திருத்தமாக மட்டும் எடுத்துக்கொண்டால் போதாது. செல்லின் பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதனால் ஆனது, எப்படிக் கட்டப்படுகிறது என்று கேட்டால், தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இவை இருவேறு கட்டுமானங்கள் என்பது தெளிவாகும். இல்லாத உட்கருவை வைத்து இரண்டையும் ஒரே கூட்டில் அடைப்பது, இருக்கும் பாகங்களைப் பார்க்கவிடாமல் செய்கிறது.

சவ்விலிருந்து தொடங்குவதே முறை, ஏனென்றால் மிக ஆழமான வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. பாக்டீரியாவின் சவ்வு மூலக்கூறில் கிளிசரால் முதுகெலும்புடன் கொழுப்பு அமிலச் சங்கிலிகள் எஸ்டர் பிணைப்பால் சேர்ந்திருக்கும். ஆர்க்கியாவில் அந்த இடத்தில் கிளைவிட்ட ஐசோபிரினாய்டு சங்கிலிகள் ஈதர் பிணைப்பால் சேர்ந்திருக்கும். ஈதர் பிணைப்பு நீராற்பகுப்புக்கு எளிதில் இடம்கொடுக்காது. கிளிசரால் பாஸ்பேட்டும் வேறு. பாக்டீரியா பயன்படுத்துவது கிளிசரால்-3-பாஸ்பேட். ஆர்க்கியா பயன்படுத்துவது கிளிசரால்-1-பாஸ்பேட். இடக்கால் செருப்பும் வலக்கால் செருப்பும் போல இவை ஒன்றுக்கொன்று ஆடிப்பிம்பங்கள்; ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. இவற்றை உண்டாக்கும் நொதிகளுக்கிடையே நெருங்கிய உறவும் இல்லை. சில ஆர்க்கியாக்களில் சவ்வின் இரு அடுக்குகளிலும் உள்ள சங்கிலிகள் நடுவில் இணைந்து, ஒரே மூலக்கூறு உள்முகத்திலிருந்து வெளிமுகம் வரை நீண்டுவிடுகிறது. அப்போது அந்தச் சவ்வு ஈரடுக்கு அல்ல, ஓரடுக்கு. பள்ளிப் பாடத்தில் உயிர்களுக்கெல்லாம் பொதுவானதாகச் சொல்லப்படும் ஈரடுக்குச் சவ்வு என்ற விதி அங்கே நிற்பதில்லை.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். ஆர்க்கியா கொதிநீர் ஊற்றிலும் அமிலக் குட்டையிலும் உப்பளத்திலும் வாழ்வது, அந்தக் கடுமைக்கு ஏற்ப அதன் சவ்வு மாறியிருக்கிறது, ஆகவே இது சூழலின் விளைவே தவிர வம்சத்தின் அடையாளம் அல்ல என்பது அந்த மறுப்பு. தாமஸ் பிராக் குழுவினர் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து பிரித்தெடுத்த இரண்டு உயிரிகளே இதற்குப் பதில் தருகின்றன. 1969-இல் விவரிக்கப்பட்ட தெர்மஸ் அக்குவாட்டிகஸ் 70 டிகிரி செல்சியசில் நன்றாக வளரும். அது பாக்டீரியா, அதன் சவ்வில் இருப்பவை கொழுப்பு அமிலங்கள். 1972-இல் விவரிக்கப்பட்ட சல்ஃபோலோபஸ் அதே சூட்டில், கடும் அமிலத்தில் வாழும் ஆர்க்கியா. அதன் சவ்வு ஈதர் சவ்வு. ஒரே சூடு, இரண்டு வேதியியல். மறுபக்கம், குளிர்ந்த கடல்நீரில் அம்மோனியாவை ஆக்சிஜனேற்றம் செய்து வாழும் ஏராளமான ஆர்க்கியாக்களிலும் அதே ஈதர் சவ்வுதான். சூழல் சவ்வை நுணுக்கமாகத் திருத்துகிறது என்பது உண்மை. அடிப்படை எது என்பதை வம்சமே தீர்மானிக்கிறது. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. 2018-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எஷரிக்கியா கோலை பாக்டீரியாவில் ஆர்க்கியாவின் சவ்வுத் தொகுப்புப் பாதையைப் புகுத்தி, சவ்வுக் கொழுப்பில் 30 சதவீதம் வரை ஆர்க்கிய வகையாக மாற்றினார்கள். அந்தக் கலப்புச் சவ்வுடன் பாக்டீரியா சுணங்காமல் வளர்ந்தது. இரண்டு வகையும் ஒரே சவ்வில் சேரவே முடியாது, சேர்ந்தால் சவ்வு குலைந்துவிடும் என்ற பழைய ஊகம் இதனால் அடிபட்டது. ஆனால் என் வாதம் அந்த ஊகத்தின்மேல் நிற்கவில்லை. சேர்ந்து இயங்க முடியும் என்றால், இயற்கையில் இவ்வளவு காலமாக இரு பெரும் வம்சங்களும் தனித்தனிச் சவ்வையே கட்டிவருவது இயற்பியலின் கட்டாயம் அல்ல, மரபின் தொடர்ச்சி என்பது இன்னும் உறுதியாகிறது.

சவ்வுக்கு வெளியே சுவர். பாக்டீரியாவின் சுவரை மனிதர் கண்ணுக்குப் பிரித்துக் காட்டியவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம். 1884-இல் அவர் வெளியிட்ட சாயமேற்றும் முறையின் இன்றைய வடிவம் உலகெங்கும் மருத்துவ ஆய்வகங்களில் நடக்கிறது. கண்ணாடி வில்லையில் மாதிரியைத் தேய்த்து, சுடரில் காட்டி ஒட்டவைத்து, கிரிஸ்டல் வயலெட் ஊற்றி, பிறகு அயோடின் ஊற்றுவார்கள். இப்போது எல்லா செல்லும் ஊதா. அடுத்துச் சில வினாடிகள் ஆல்கஹால். சோதனையே இந்த இடத்தில்தான். தடித்த சுவர் உள்ள செல் ஊதாவை விடாமல் பிடித்துக்கொள்ளும்; மெல்லிய சுவர் உள்ளது நிறமிழக்கும். கடைசியில் சஃப்ரனின் ஊற்றினால் நிறமிழந்தவை இளஞ்சிவப்பாகும். ஆல்கஹால் சற்றுக் கூடுதலாக ஓடினாலும் முடிவு மாறிவிடும். சுவரின் பொருள் பெப்டிடோகிளைக்கான்: இருவகைச் சர்க்கரைகள் மாறிமாறிக் கோத்த நீண்ட இழைகள், அவற்றைக் குறுக்கே பிணைக்கும் குட்டையான அமினோ அமிலச் சங்கிலிகள். அந்தச் சங்கிலிகளில் புரதங்களில் வழக்கமாகக் காணப்படாத டி-வகை அமினோ அமிலங்களும் உண்டு. கிராம் நேர் பாக்டீரியாவில் இந்த வலை பல அடுக்காகத் தடித்திருக்கும். கிராம் எதிர் பாக்டீரியாவில் அது சில நானோமீட்டர்தான். ஆனால் அதற்கு வெளியே லிப்போபாலிசாக்கரைடு பதித்த இரண்டாவது சவ்வு ஒன்று இருக்கிறது. வான்கோமைசின் போன்ற பெரிய மருந்து மூலக்கூறுகள் அந்த வெளிச்சவ்வைக் கடக்க முடியாமல் நின்றுவிடுகின்றன. பெனிசிலின் குறுக்குப் பிணைப்பைப் போடும் நொதியை முடக்குகிறது; செல் வளர வளரச் சுவர் பலமிழந்து, உள்ளழுத்தம் தாங்காமல் வெடிக்கிறது. காசநோய்க் கிருமியின் சுவரோ தனி ரகம். மைக்கோலிக் அமிலம் என்ற மெழுகுத்தன்மையுள்ள பொருள் அதில் மண்டிக்கிடக்கிறது. ஐசோநியசிட் அந்த மைக்கோலிக் அமிலத் தொகுப்பைத் தடுக்கும் மருந்து. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், அந்த மருந்தை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சையை வீட்டிலிருந்தே எடுத்தாலும் சானடோரியத்தில் எடுப்பதற்கு இணையான பலன் கிடைக்கும் என்று நிறுவியது.

ஆர்க்கியாவில் பெப்டிடோகிளைக்கான் இல்லை. பல ஆர்க்கியாக்களுக்குச் சவ்வின்மேல் புரதத் துண்டுகள் படிகம்போல் ஒழுங்காக அடுக்கிய எஸ்-அடுக்கு மட்டுமே உறை. சில மீத்தேன் ஆர்க்கியாக்களிடம் பெப்டிடோகிளைக்கானைப் பார்த்து வார்த்ததுபோன்ற போலிமியூரின் உண்டு. ஓட்டோ கண்ட்லரின் குழு அதை அலசியபோது சர்க்கரையும் வேறு, சர்க்கரைகளுக்கிடையிலான பிணைப்பும் வேறு, டி-வகை அமினோ அமிலங்களும் இல்லை என்று தெரிந்தது. கண்ணீரிலும் முட்டையின் வெள்ளைக்கருவிலும் இருக்கும் லைசோசைம், பாக்டீரியாச் சுவரை அறுப்பதுபோல் இதை அறுக்காது. பெனிசிலினும் இதைத் தொடாது. சுவரை இவ்வளவு பெரிதாகப் பேசலாமா, சுவரே இல்லாமலும் பாக்டீரியா வாழ்கிறதே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவர் இல்லை. ஆர்க்கியாவில் தெர்மோபிளாஸ்மாவுக்கும் இல்லை. 1935-இல் எமி கிளீனெபெர்கர் லண்டனின் லிஸ்டர் நிறுவனத்தில் சுவரை இழந்தும் பெருகும் எல்-வடிவங்களை விவரித்தார். இவை காட்டுவது, உயிர்த்திருக்கச் சுவர் தவிர்க்க முடியாததல்ல என்பதை. ஆனால் சுவரைக் கட்டுகிறவை எதைக் கொண்டு கட்டுகின்றன என்று பார்த்தால் பாக்டீரியாவும் ஆர்க்கியாவும் ஒருபோதும் கலப்பதில்லை; வாதத்துக்கு வேண்டியது அதுதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு நெடுநாள் கிடைத்த பதில், நொதிகள் நிரம்பிய பை என்பது. அந்தப் பதிலுக்கு எதிராக 1960-களில் மீசோசோம் என்ற உட்சவ்வு மடிப்பு எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் முன்வைக்கப்பட்டது. மாதிரியை வேதிப்பொருளால் பதப்படுத்தாமல் நொடியில் உறையவைத்துப் பார்த்தபோது அது காணாமல் போயிற்று. பதப்படுத்தலின் விளைவைத்தான் உறுப்பு என்று எண்ணியிருந்தார்கள். இந்தத் தோல்விக்குப் பின் வெறும் பை என்ற எண்ணமே வலுப்பெற்றிருக்க வேண்டும். நடந்தது வேறு. 1991-இல் எஃப்.டி.எஸ்.இசட் என்ற புரதம் பிரியும் செல்லின் நடுவில் வளையமாகச் சேர்வது தெரிந்தது. அது நம் செல்களின் டியூபுலினுக்கு உறவு. 2001-இல் எம்.ஆர்.இ.பி. என்ற இன்னொரு புரதம் ஆக்டினுக்கு உறவு என்று நிறுவப்பட்டது. கோல் வடிவத்தைக் காப்பது அது. 1975-இல் ரிச்சர்ட் பிளேக்மோர் அறிவித்த காந்தப் பாக்டீரியாவில் மேக்னடைட் படிகங்கள் ஒவ்வொன்றும் சவ்வுறைக்குள் இருக்கின்றன. அந்த உறைகளை ஆக்டின் குடும்பத்து இழை வரிசையாக நிறுத்துகிறது. 2022-இல் குவாடலூப் தீவின் அலையாத்திக் காட்டிலிருந்து விவரிக்கப்பட்ட தயோமார்கரிட்டா மேக்னிஃபிக்கா சுமார் 1 சென்டிமீட்டர் நீளம், வெறும் கண்ணால் காணலாம், அதன் டி.என்.ஏ.வும் ரைபோசோம்களும் சவ்வுப் பைகளுக்குள் இருக்கின்றன. செல்லைப் பிளக்கும் கருவியிலும் வம்ச வேறுபாடு தெரிகிறது: சல்ஃபோலோபஸ் எஃப்.டி.எஸ்.இசட் இல்லாமல், நம் செல்களில் சவ்வை வெட்டும் எஸ்கார்ட் புரதங்களின் உறவினங்களைக் கொண்டு பிரிகிறது என்று 2008-இல் அறியப்பட்டது.

உட்கரு இல்லாமையைப் பொருட்படுத்தாமல் விடக்கூடாது என்று சொல்பவர்கள் பக்கம் உண்மை இருக்கிறது. எஷரிக்கியா கோலையின் டி.என்.ஏ. சுமார் 46 லட்சம் கார இணைகள். நீட்டினால் ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர், செல்லின் நீளத்தைப்போல் பல நூறு மடங்கு. தடுப்புச் சவ்வு இல்லாததால் ஆர்.என்.ஏ. படியெடுக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதே ரைபோசோம் அதில் ஏறிப் புரதம் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. இது ஆர்க்கியாவுக்கும் பொருந்தும். ஆயினும் அந்த வேலையைச் செய்யும் இயந்திரங்களைப் பாருங்கள். ஆர்க்கியாவின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் பல துணையலகுகள் கொண்டு, உட்கருவுள்ள செல்லின் பாலிமரேஸைப் போலவே அமைந்திருக்கிறது. பாக்டீரியாவின் பாலிமரேஸைத் தடுக்கும் ரிஃபாம்பிசின் அதைத் தடுப்பதில்லை. பல ஆர்க்கியாக்கள் டி.என்.ஏ.வை ஹிஸ்டோனில் சுற்றிவைக்கின்றன. இரண்டின் ரைபோசோமும் 70 எஸ் அளவுதான். ஆனால் நம் செல்லின் புரதத் தொகுப்புக் காரணி ஒன்றை முடக்கும் டிஃப்தீரியா நஞ்சு ஆர்க்கியாவின் அதே காரணியையும் தாக்கும், பாக்டீரியாவினுடையதைத் தாக்காது. கசையிழையிலும் இதே கதை. இரண்டும் சுழல்கின்றன. பாக்டீரியாவின் இழை உட்துளை வழியே புரதத்தை அனுப்பி நுனியில் வளர்கிறது, அயனி ஓட்டத்தால் சுழல்கிறது. ஆர்க்கியாவின் இழை அடியிலிருந்து வளர்கிறது, ஏ.டி.பி.யால் சுழல்கிறது, அதன் உறவு நான்காம் வகைப் பைலஸ் இழைகளோடு.

இந்தக் கட்டுமான ஒப்பீட்டில் இன்னும் அவிழாத முடிச்சு நம் செல்லைப் பற்றியது. ஆர்க்டிக் கடலடியின் லோக்கி கோட்டை வெப்பத்துளைப் பகுதியில் எடுத்த வண்டலிலிருந்து 2015-இல் மரபணு வழியாக அறியப்பட்ட ஆர்க்கியாக்களும் அவற்றோடு அஸ்கார்டு என்ற குழுவில் சேரும் உறவினங்களும், உட்கருவுள்ள செல்லுக்கு மிக நெருங்கியவை. ஆக்டினும் எஸ்கார்ட் புரதங்களும் அவற்றிடம் இருக்கின்றன. 2020-இல் ஜப்பானில் வளர்ப்பில் பெருக்கப்பட்ட முதல் அஸ்கார்டு செல்லில் நீண்டு கிளைத்த நீட்சிகள் தெரிந்தன, உட்கரு தெரியவில்லை. அந்த வழியில் வந்த நம் செல்களின் சவ்வு ஈதர் சவ்வாக இருந்திருக்க வேண்டும். இருப்பதோ பாக்டீரிய வகை எஸ்டர் சவ்வு. மைட்டோகாண்ட்ரியாவாக மாறிய பாக்டீரியாவிடமிருந்து அந்தத் தொகுப்புப் பாதை வந்து, பழைய சவ்வை மெல்ல மெல்ல இடம்பெயர்த்திருக்கலாம் என்பதே இப்போதைக்குப் பலர் ஏற்கும் விளக்கம்; குரோனிங்கனின் கலப்புச் சவ்வு அந்த இடைநிலை சாத்தியம் என்று காட்டுகிறது, அது நிகழ்ந்தது என்று காட்டவில்லை.