28 ரூபாய் தட்டும் தொலைஞ்ச நெகட்டிவும்

‘தேவர் மகன்’ (1992) பொள்ளாச்சிப் பக்கம் எடுத்த படம்னு நம்ம ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. எடுத்த படங்கள் அப்புறம் என்னாச்சுன்னு கேட்டா? அங்கதான் கதை.

2007-ல மோசர் பேர் கம்பெனி விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய்னு இறக்குச்சு. திருட்டு விசிடி விலைக்கே ஒரிஜினல்! சினிமாப் பைத்தியங்களுக்குத் தீபாவளிதான். பழைய படங்களைத் தேடித்தேடி வாங்கி அடுக்கினோம். இனி படம் பத்திரம்னும் நினைச்சோம். விசிடியில படம் 352-க்கு 288 புள்ளிதாங்க. 35 எம்எம் நெகட்டிவ் முன்னாடி அது வெறும் நிழல். அந்தக் கம்பெனியும் 2018-ல கலைப்புக்குப் போயிடுச்சு.

பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) சிறந்த தமிழ்ப் படம்னு தேசிய விருது வாங்கினது. அர்ச்சனாவுக்கும் நடிப்புக்காகக் கிடைச்சது. அதோட நெகட்டிவ் இப்ப இல்லைன்னு அவரே வருத்தப்பட்டுச் சொன்னார், தமிழ்ல ஒரு திரைப்படக் காப்பகம் வேணும்னும் கேட்டார். 2014-ல போயிட்டார்.

வங்காளத்துல சத்யஜித் ராயோட அப்பு படங்கள் மூணு. நெகட்டிவ் 1993-ல லண்டன் லேப் தீயில கருகிச்சு. கருகினதையும் யாரும் தூக்கிப் போடல. அதை இத்தாலியில போலோன்யாவுல மாசக்கணக்கா கையாலயே சரிபண்ணாங்க. 2015-ல மறுபடி தியேட்டருக்கு வந்துச்சு, அப்புறம் கிரைடீரியன் ப்ளூ-ரேயாவும் வந்துச்சு.

‘வீடு’ தீயிலகூட போகலைங்க. யாரும் எடுத்து வைக்கல, அவ்வளவுதான்.